கறுப்பாக விழுந்த மஞ்சள் முகம்

தம்பிமார்களே, போன மாதம் நம் ஸ்டூடியோக்காரர்கள் கூடியபோது என்னைப் பேசச் சொன்னீர்கள். மேடை ஏறினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாற்பது வருஷம் ஒரு நேரத்துக்கு ஒரு முகத்தைப் பார்த்தே பழகியவனை, நூறு முகம் சேர்ந்து பார்த்தால் என்ன பேச்சு வரும்? அதனால் எழுதித் தருகிறேன். உங்களில் தொண்டை நன்றாக இருக்கிற யாராவது வாசித்துவிடுங்கள்.

அன்றைக்குப் புதிதாகக் கடை போட்ட தம்பி ஒருவர் எழுந்து, "முகப்படம் நல்லா வரணும்னா நாலு விளக்கு, ரெண்டு குடை வேணும்ங்கிறாங்க. நான் அதுக்கு எங்கங்க போவேன்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அரியலூரில் கடை போட்டபோது எங்கள் தெருவுக்குக் கரண்டே வரவில்லை. இருந்தும் முகப்படத்துக்கு என் கடையைத் தேடித்தான் வந்தார்கள்.

ஸ்டேஷன் ரோட்டில் ஓர் ஓட்டு வீட்டின் பின்கட்டுதான் என் ஸ்டூடியோ. வடக்குப் பார்த்த கூரையில் ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி பதித்திருந்தேன். கண்ணாடியும் விலைக்கு வாங்கியதில்லை. அப்போது பிலிம் ஏது, எல்லாம் கண்ணாடி பிளேட்டுதான். யாரும் திரும்பக் கேட்டு வராத பழைய பிளேட்டுகளை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டிக் கழுவி, அவற்றையே வரிசையாகப் பதித்தேன். ஒன்று சரியாகக் கழுவப்படாமல், உச்சி வேளையில் யாரோ ஒரு மிராசுதாரின் மீசை மட்டும் கூரையில் தெரியும். அதற்குக் கீழே கயிற்றில் ஒரு வெள்ளை வேட்டி. அதை இழுத்து மூடினால் வெளிச்சம் மெத்தென்று இறங்கும். முகத்தில் நிழல் விழுகிற பக்கத்துக்குச் சுண்ணாம்பு அடித்த இரண்டு முறங்கள். நம் பக்கத்தில் சுண்ணாம்புக்கா பஞ்சம்? தோண்டின இடமெல்லாம் வெள்ளைக் கல். என் விளக்கு, குடை எல்லாம் அவ்வளவுதான். திருச்சியில் பெரிய கடை வைத்திருந்தவர் ஒருவர் என் படத்தைப் பார்த்துவிட்டு எந்த நாட்டு விளக்கு என்று கேட்டார். முறம் என்றால் நம்பியிருக்க மாட்டார். சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

இந்தப் பெருமை எனக்கு அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பெருமையால் நான் சொன்ன ஒரே ஒரு வார்த்தை, ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தியது. அதை நான் எப்படிச் சரிசெய்தேன் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். முகப்படம் எடுப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு கதையில் இருக்கிறது.

நாற்பதுகளில், உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். சீமையிலிருந்து நல்ல பிளேட் வருவது நின்றுபோனது. எனக்குச் சரக்கு அனுப்புகிறவர், இருப்பதை வைத்துக்கொள் என்று மலிவான பிளேட் ஒரு பெட்டி அனுப்பினார். அதற்கு நீலம் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். சிவப்பும் மஞ்சளும் அதற்கு இருட்டு. புதுப் பெட்டி வந்தால் முதல் பிளேட்டைச் சோதனைக்கு என்று ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு பிளேட்டையும் பொத்திப் பொத்தி வைத்திருந்த காலம், ஒன்றை வீணடிக்க எனக்கு மனசு வரவில்லை. விளக்கில் சிக்கனம் பிடியுங்கள், திரையில் பிடியுங்கள், நாற்காலியில் பிடியுங்கள். சோதித்துப் பார்ப்பதில் மட்டும் பிடிக்காதீர்கள்.

அந்தப் பெட்டியைப் பிரித்த வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்டிமடத்துப் பக்கத்திலிருந்து வைத்திலிங்கம் என்பவர் தன் மூத்த பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். முந்திரிக்கொல்லையும் கொஞ்சம் கடலையும் வைத்துப் பிழைக்கிற குடும்பம். பெண்ணின் பெயர் தையல்நாயகி. பெரம்பலூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மாவும் தாய்மாமனும் ஒரு நாள் பொழுது சாய்ந்த பிறகு வந்து, பெண்ணை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துப் பிடித்துப்போய்விட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை திருச்சிப் பக்கம் ரயில் பட்டறையில் பிட்டர். சண்டைக்கால வேலை, லீவு கிடைக்கவில்லை. அதனால் படம் கேட்டிருந்தார்.

"பூச்சாடி, நாக்காலி, கை, காலு எதுவும் வேணாமாம் தம்பி. முகம் மட்டும் பெருசா வேணுமாம்" என்றார் வைத்திலிங்கம்.

அந்தக் காலத்தில் முழு உருவம்தான் எல்லாரும் கேட்பார்கள். முகம் மட்டும் என்றால் ஒளிந்துகொள்ள இடமில்லை. புடவைக் கரையும் பூச்சாடியும் கண்ணைத் திருப்பாது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை முழுக்குப் போட்டு, முகத்தில் மஞ்சள் பளபளக்க, வெளிர் நீலப் பட்டு உடுத்தி, வெள்ளைத் திரைக்கு முன்னால் அந்தப் பெண் உட்கார்ந்தாள். வெளிச்சத்தைச் சரிசெய்து, லென்ஸ் மூடியை எடுத்து எட்டு எண்ணி, மறுபடி மூடியைப் போட்டேன்.

பிளேட்டைக் கழுவிப் பிரிண்ட் போட்டதும் முகம் கன்னங்கறேலென்று விழுந்திருந்தது தெரிந்தது. நீலப் பட்டு வெள்ளை வெளேரென்று வந்து, முகத்தை இன்னும் கறுப்பாகக் காட்டியது. பெண் நாம் நினைத்ததைவிடக் கறுப்பு போலிருக்கிறது என்று நினைத்தேன். அவளை என் கண்ணால் நேருக்கு நேர் பார்த்திருந்தேன். மாநிறம்தான். ஆனாலும் கண்ணை நம்பாமல் பிளேட்டை நம்பி, அந்தப் பிரிண்ட்டையே அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பெரம்பலூரிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன். பருத்தித் தரகர். மடியிலிருந்து அந்தப் படத்தை எடுத்து என் மேஜையில் வைத்தார்.

"போட்டோக்காரரே, இது நீங்க எடுத்ததுதானே?"

"ஆமாங்க. பின்னால என் முத்திரை இருக்கே."

"இங்க வந்து உக்காந்த பொண்ணு நெசமாவே இப்படித்தான் இருந்துச்சா?"

இதில் எனக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான், என் வேலையில் குற்றம் சொல்கிறார். வேறெதையும் நான் கேட்கவில்லை. எதற்காகக் கேட்கிறார் என்றுகூடக் கேட்கவில்லை.

"ஐயா, படம் பொய் சொல்லாது. எதிர்ல என்ன உக்காந்துச்சோ அதுதான் பிளேட்டுல விழும். அரியலூர்ல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க" என்றேன்.

"அது போதும்" என்று படத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். நான் ஜெயித்துவிட்ட மாதிரி மூக்குப் பொடி ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் வைத்திலிங்கமும் மகளும் வந்து வாசலில் நின்றார்கள். அந்த மனிதர் பாதியாக இளைத்திருந்தார். பேச முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பேசியது தையல்நாயகிதான்.

"அண்ணே, எங்க வூட்டுல எனக்குக் கீழ ஒரு தங்கச்சி இருக்கா. அவ நல்ல செவப்பு. விளக்கு வெளிச்சத்துல அவளைக் காட்டிப்புட்டு, என்னைத் தலையில கட்டப் பாத்தோம்னு பெரம்பலூர்க்காரங்க சொல்றாங்க. படம் எடுத்தவரே சொல்லிட்டாரு, பொண்ணு இதுதான்னு. இப்ப எனக்கும் கல்யாணம் இல்ல. தங்கச்சியைக் கேட்டு வந்தவங்களும் நின்னுட்டாங்க. ஏமாத்துற வூடுன்னு பேராயிடுச்சு. நீங்க என்ன சொன்னீங்க அவுங்ககிட்ட?"

நான் சொன்னதைச் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை. அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. வாசல் வெயிலில் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள். அப்போதுதான் நானும் அவளை ஒழுங்காகப் பார்த்தேன். முகமெல்லாம் மஞ்சள். அதன் மேல் வெயில் பட்டு மின்னியது. விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் அந்த மஞ்சள் முகம் எப்படி ஜொலித்திருக்கும் என்றும், நீலம் மட்டுமே தெரிந்த என் பிளேட்டில் அதே முகம் ஏன் கரியாக விழுந்தது என்றும் ஒரே நேரத்தில் புரிந்தது. வெட்கத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"தங்கச்சி, தப்பு என்னோடது. மஞ்சளைக் கழுவிட்டு, லேசாப் பவுடர் போட்டு உக்காரு. இப்பவே நல்லா எடுத்துத் தரேன்" என்றேன்.

"கழுவ மாட்டேன்."

"ஏம்மா?"

"கழுவிட்டுப் பவுடர் போட்டா வேற மூஞ்சியாத்தான் வரும். பாரு, இப்பவும் ஆளை மாத்திட்டாங்கன்னு அதையும் சொல்லுவாங்க. அன்னிக்கு எந்த மூஞ்சியோட உக்காந்தேனோ அதே மூஞ்சியோட எடுங்க. பெரம்பலூர்க்காரரு பக்கத்துல நின்னு பாக்கணும். முடியுமா, முடியாதா?"

நியாயம்தான். பெட்டியில் அதே மலிவு பிளேட்டுதான், மூன்றே மூன்று. வேறு பிளேட் எந்த ஊரிலும் கிடைக்கவில்லை. முடியும் என்று சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. "அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர்கள் போனதும் சிவப்புக் கண்ணாடி விளக்கடியில் ஒரு பிளேட்டை, கண்ணாடி அறுக்கிற வைரக் கல்லால் நாலு துண்டாக வெட்டினேன். ஒரு பிளேட்டில் நாலு சோதனை. அப்புறம் என் மனைவி மரகதத்தைக் கூப்பிட்டு, முகத்தில் நன்றாக மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டு வரச் சொன்னேன்.

"கல்யாணமாகி ஆறு வருஷம் ஆச்சு, ஒரு நாளு என்னை உக்கார வெச்சுப் படம் எடுத்திருக்கீங்களா? இன்னிக்கு மட்டும் என்னாங்க வந்துச்சு?" என்றாள். இருந்தாலும் பூசிக்கொண்டு, தன் நீலப் பட்டுச் சேலையையும் உடுத்தி வந்தாள்.

முதல் துண்டின் பிரிண்ட்டைப் பார்த்துவிட்டு, "இது என்னா, அடுப்புக்கரியா?" என்றாள். இரண்டாவது துண்டுக்கு முறங்களைக் கிட்டே கொண்டுபோனேன். கொஞ்சம் தேறியது, போதவில்லை. கூரை வேட்டியை முழுக்க ஒதுக்கினால் மூக்குக்குக் கீழே கோடாக நிழல் விழும், மஞ்சள் திட்டுத்திட்டாகத் தெரியும். அதுவும் ஆகாது. என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் மரகதம், இனிமேல் சமைக்கப் போக வேண்டும் என்று சொல்லி, பட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு ஒரு பழைய அரக்குச் சேலையில் வந்தாள். விட மனமில்லாமல் மூன்றாவது துண்டையும் அப்படியே எடுத்தேன்.

அதன் பிரிண்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவள் கேட்டாள், "என் சேலை எங்கங்க போச்சு? மூஞ்சி மட்டும் தனியா நிக்குது."

அரக்குச் சேலை அந்தப் படத்தில் முழுக்க இருட்டாகிவிட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் மஞ்சள் முகம் வெளிச்சமாக நின்றது. தம்பிமார்களே, முகத்துக்கு எப்படி இன்னும் வெளிச்சம் கொடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். முகத்தைச் சுற்றியிருக்கிறவற்றின் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. நீலப் பட்டும் வெள்ளைத் திரையும்தான் அந்தப் பெண்ணின் முகத்தைக் கறுக்க வைத்தன. சிவப்புச் சேலை, பின்னால் சிவப்புக் கம்பளி. அந்தப் பிளேட்டுக்கு இரண்டும் இருட்டு. அப்படிச் செய்துவிட்டால், சுற்றியிருக்கிற வெள்ளை அதிக வெளிச்சத்தில் எரிந்துபோகும் என்ற பயம் இல்லாமல், எட்டு எண்ணின இடத்தில் இருபது எண்ணலாம். நாலாவது துண்டில் அதைச் செய்து பார்த்தேன். மரகதத்தின் முகம் மரகதத்தின் முகமாகவே வந்தது. அந்தத் துண்டை அவள் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டாள், எனக்குத் தரவில்லை.

வெளிச்சம் கிடைத்துவிட்டது. ஆனால் என் வாயிலிருந்து போன வார்த்தை பெரம்பலூரில் இருந்தது. அதைத் தபாலில் திரும்ப வாங்க முடியாது. மறுநாள், பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓட்டிய கரிவாயு பஸ்ஸில் ஏறினேன். மேட்டில் நின்றுபோனால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டிய பஸ். மேல் சட்டையெல்லாம் கரியோடுதான் தரகர் கடையில் போய் நின்றேன்.

"ஐயா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அந்தப் பொண்ணு அந்த நெறம் இல்ல. நான் எடுத்தது சரியில்ல" என்றேன்.

"படம் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"படம் ஒண்ணும் சொல்லலீங்க. நான்தான் சொன்னேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வைத்திலிங்கம் எனக்குக் காசு கொடுத்து அனுப்பியிருக்கிறார் என்று நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் கடையில் மாதிரிப் பருத்தியை வாசல் பக்கத்து ஜன்னலருகே பிரித்து வைத்திருந்தார்கள். அதைக் காட்டிக் கேட்டேன்.

"ஐயா, பருத்தியை விளக்கு வெளிச்சத்துல பாத்து, இது வெள்ளை, இது பழுப்புன்னு தரம் சொல்லுவீங்களா?"

"யாரு சொல்லுவா? பகல் வெளிச்சத்துல, அதுவும் வடக்கு ஜன்னலோரம் வெச்சுத்தான் பாக்கணும்."

"உங்க அக்காவும் நீங்களும் பொண்ணை விளக்கு வெளிச்சத்துலதான் பாத்தீங்க. நான் பகல்ல எடுத்தேன், ஆனா மஞ்சளே தெரியாத கண்ணால எடுத்தேன். நாம ரெண்டு பேரும் பாத்தது அரைகுறை. வர வெள்ளிக்கிழமை என் கடைக்கு வாங்க. அதே பொண்ணு, அதே மஞ்சள், உங்க கண்ணெதிர்ல எடுக்கறேன். சரியா வரலைன்னா ஊர் முழுக்க என் பேரைச் சொல்லுங்க."

அவர் ஒரு பிடிப் பருத்தியைப் பிய்த்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். "வரேன். ஆனா மஞ்சளைத் துடைக்கக் கூடாது" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. தையல்நாயகி முகம் நிறைய மஞ்சளோடும் மரகதத்தின் அரக்குச் சேலையோடும் நாற்காலியில் உட்கார்ந்தாள். சேலை மாற்றுவதற்கு அவள் மறுப்புச் சொல்லவில்லை. "சேலை மாறினா ஆளு மாறிடுமா?" என்று மட்டும் மாப்பிள்ளையின் மாமாவைப் பார்த்துக் கேட்டாள். அவர் பகல் வெளிச்சத்தில் அந்த முகத்தைக் கிட்டே வந்து பார்த்தார். அன்றைக்கு விளக்கடியில் குனிந்த தலையைத்தான் பார்த்தோம் என்று முணுமுணுத்தார்.

முறம் பிடிக்க ஆள் வேண்டும். மரகதம் ஒன்றைப் பிடித்தாள். இன்னொன்றை மாமா கையில் கொடுத்தேன். "இதை இந்தக் கன்னத்துக்கு நேரா, ஆடாம, அசையாம புடிங்க. அசைஞ்சா பழி உங்க மேலதான்" என்றேன். சந்தேகத்தோடு வந்தவர் சுண்ணாம்பு முறத்தை ஏந்திக்கொண்டு நின்றார். வைத்திலிங்கத்துக்கே அதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது.

மூடியை எடுத்து எண்ண ஆரம்பித்தேன். இருபது எண்ண வேண்டும். பதினொன்றில் கூரை மங்கியது. மேகம். நிறுத்தினால் பிளேட் போச்சு. தொடர்ந்தால் எவ்வளவு எண்ணுவது என்று தெரியாது. இன்னொரு பிளேட் இருந்தது, ஆனால் இவர்கள் முன்னால் ஒரு தடவை தடுமாறினால் மறு தடவை யார் நம்புவார்கள்? ஓர் எண்ணிக்கைக்குள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. மூடியைப் போட்டேன்.

"யாரும் அசையாதீங்க. மேகம் போகட்டும். தங்கச்சி, கண்ணை மூடித் திறக்கலாம், தலை மட்டும் அப்படியே இருக்கணும்."

அந்த மேகம் நகர எவ்வளவு நேரம் பிடித்ததோ, எனக்குத் தெரியாது. மாமாவின் நெற்றியில் வேர்வை வழிந்தது. முறத்தை இறக்கவில்லை. மரகதம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தையல்நாயகி ஒரு மயிர்கூட அசையவில்லை. இடுக்கியோடு கூடிய இரும்புக் கம்பியைத் தலைக்குப் பின்னால் வைத்துத்தான் பெரிய பெரிய மனிதர்களையே நான் அசையாமல் உட்கார வைப்பேன். அவளுக்கு அது தேவைப்படவே இல்லை. அவளுக்கு உட்காரக் காரணம் இருந்தது. கூரை வெளுத்ததும் மூடியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று என்று எண்ணி, இருபதில் போட்டேன்.

பிளேட் உலரும் வரைக்கும் மரகதம் எல்லாருக்கும் சோறு போட்டாள். வைத்திலிங்கமும் மாமாவும் பக்கத்துப் பக்கத்து இலையில், ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். வெயிலில் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தேன். இருட்டுக்குள்ளிருந்து அந்த முகம் எழுந்து வந்திருந்தது. கன்னத்தில் மெத்தென்ற வெளிச்சம், கண்ணில் இரண்டு முறத்தின் வெள்ளையும் பொட்டுப்பொட்டாக. அன்று அவள் எப்படியிருந்தாளோ அதற்கு மேல் ஒரு பிடி வெளுப்பில்லை, ஒரு பிடி கறுப்பில்லை. இதைவிட நல்ல முகப்படம் நான் எடுத்ததில்லை. எடுத்ததாக யாராவது சொன்னால் அவர்கள் இதைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

மாமா அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுதான் அக்கா பாத்த பொண்ணு" என்றார். பிறகு வைத்திலிங்கத்தின் பக்கம் திரும்பி, "சம்பந்தி, மன்னிச்சிடுங்க. உங்க வூட்டைத் தப்பாப் பேசிட்டேன். பேசின இடத்துக்கெல்லாம் நானே போய் மாத்திச் சொல்றேன்" என்றார். வைத்திலிங்கம் அப்போதுதான் அழுதார். எனக்கும் கண் கலங்கியது. இருட்டறையில் வேலை இருக்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது, மாப்பிள்ளைக்குப் போகாமல் பெரம்பலூரோடு நின்றுபோய், மாமா ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்திருந்த முதல் படத்தைத் தையல்நாயகி கையில் எடுத்து வைத்திருந்தாள். கன்னங்கறேலென்ற படம். அந்தப் பிளேட்டையும் கழுவிக் கூரையில் பதித்துவிடலாம் என்று நான் அதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன்.

"மாப்பிள்ளைக்கு ரெண்டையும் அனுப்புங்க" என்றாள்.

மாமா பதறினார். "எதுக்கும்மா அது? அது தப்பா விழுந்த படம்னு ஆயிடுச்சே!"

"ஆடி மாசம் முழுக்க நான் கடலைக்கொல்லையில நிக்கிறவ. வெயில்ல கறுத்துப்போவேன். பிள்ளை பெத்தா இன்னும் மாறுவேன். நல்ல வெளிச்சத்துல மட்டும் என்னைப் பாத்துட்டுச் சரின்னு சொல்றவரு அப்ப என்னா சொல்லுவாரு? ரெண்டையும் பாக்கட்டும். பாத்துட்டுச் சொல்லட்டும்."

என் தப்பு வேலையை என் நல்ல வேலைக்குப் பக்கத்தில் வைத்து, என் முத்திரையோடு, நானே தபாலில் போட வேண்டியதாயிற்று. அந்த உறையை ஒட்டும்போது எனக்குப் பட்ட கூச்சம் இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணைப் பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது. வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்பதைத்தான் நான் கற்றிருந்தேன். எந்த வெளிச்சத்திலும் தானே நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. பதில் எதுவும் இல்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் இறங்கி, ஒல்லியாக, நல்ல சிவப்பாக ஒரு ஆள் நேரே என் கடைக்கு வந்தார். பட்டறை நீலச் சட்டையைத் துவைத்து மடித்துப் போட்டிருந்தார்.

"நான்தாங்க ராசமாணிக்கம். ரெண்டு படம் வந்துச்சு" என்றார்.

"உக்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தவர் கூரையைப் பார்த்தார், முறங்களைப் பார்த்தார். பிறகு சொன்னார், "எனக்கும் ஒரு முகப்படம் எடுக்கணும். அந்தம்மாவுக்கு முதல் தடவை எடுத்தீங்களே, அதே மாதிரி. அதே பிளேட்டு, அதே வெள்ளைத் திரை, எதையும் மாத்தாதீங்க."

"ஐயோ, அது தப்பா எடுத்ததுங்க."

"தெரியும். மாமா எல்லாத்தையும் எழுதியிருந்தாரு. தப்பாவே எடுங்க." வெட்கத்தோடு சிரித்தார். "வூட்டுல மஞ்சள் இருக்குமா?"

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மரகதம் வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டு, அம்மியில் மஞ்சளைத் தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் கூச்சப்படாமல் நெற்றி, கன்னம், கழுத்து என்று பூசிக்கொண்டார். நீலச் சட்டை, வெள்ளைத் திரை, எட்டு எண்ணிக்கை. பெட்டியிலிருந்த கடைசி பிளேட்டை, தெரிந்தே கெடுத்து எடுத்தேன். பிளேட்டைக் கழுவிப் பிரிண்ட் போட்டதும் முகம் கரிச்சட்டியாக விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் ராசமாணிக்கம் தொடையில் தட்டினார்.

"இப்ப சரி. இதை ஆண்டிமடத்துக்கு அனுப்பிடுங்க. அவுங்களும் பாத்துட்டுச் சொல்லட்டும்."

எத்தனையோ முகங்களை எடுத்தேன். வேண்டுமென்றே மோசமாக எடுத்தது இந்த ஒன்றுதான். அதன் பின்னாலும் என் முத்திரையைக் குத்தினேன், நன்றாக அழுத்தி.

பத்து நாள் கழித்து வைத்திலிங்கம் வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு வந்தார். முகூர்த்தம் குறித்தாயிற்று என்றார். படத்தைப் பார்த்துவிட்டுப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்டேன். வீடே கூடிப் பார்க்கும்படி சிரித்தாளாம். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூஞ்சியைக் கழுவிட்டு வரச் சொல்லுங்க" என்றாளாம்.